மட்டிக்குள் வளரும் மீன்

ஐரோப்பாவின் தாழ்நிலங்களில், நீர் மெதுவாக நகரும் ஆறுகளிலும் குளங்களிலும் கால்வாய்களிலும் பிட்டர்லிங் என்ற சிறிய நன்னீர் மீன் வாழ்கிறது. அறிவியல் பெயர் ரோடியஸ் அமாரஸ். முழு வளர்ச்சி பெற்ற மீன் பெரும்பாலும் 5 முதல் 6 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். மிக அரிதாக 9 சென்டிமீட்டரை எட்டும். உணவு மீனாக இதற்கு மதிப்பில்லை, சதையும் கசப்பு. ஆனாலும் உயிரியலாளர்கள் இந்த மீனை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக விடாமல் ஆராய்ந்து வருகிறார்கள். காரணம் அதன் இனப்பெருக்க முறை. பிட்டர்லிங் தன் முட்டைகளை நீரிலோ, செடியிலோ, மணலிலோ இடுவதில்லை. உயிருள்ள நன்னீர் மட்டியின் செவுளுக்குள் இடுகிறது. குஞ்சுகள் அங்கேயே பொரிந்து, அங்கேயே சில வாரங்கள் வளர்ந்து, நீந்தத் தெரிந்த பிறகுதான் வெளியே வருகின்றன. மட்டி இல்லாத நீர்நிலையில் இந்த மீனுக்கு அடுத்த தலைமுறை இல்லை.

இந்த மீனை முதலில் முறையாக விவரித்துப் பெயரிட்டவர் பெர்லின் நகர மருத்துவரும் மீனியலாளருமான மார்க்கஸ் எலியேசர் பிளாக், ஆண்டு 1782. தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. தரங்கம்பாடியில் இருந்த மதப்பணியாளர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் அங்கிருந்து மீன்களைச் சேகரித்து பிளாக்குக்கு அனுப்பிவந்தார். கத்தாழை மீன்களில் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று பெயர் வந்தது அந்த ஜானின் நினைவாகத்தான்.

பிட்டர்லிங் கெண்டை மீன்களுக்கு நெருங்கிய உறவு. முன்பு கெண்டைக் குடும்பத்துக்குள்ளேயே ஒரு துணைக்குடும்பமாக வைக்கப்பட்டிருந்த இந்தக் கூட்டத்தை இன்று அகெய்லோக்னாத்திடே என்ற தனிக் குடும்பமாகவே பலரும் கொள்கிறார்கள். இக்குடும்பத்தின் இனங்களில் மிகப் பெரும்பாலானவை சீனா, ஜப்பான், கொரியா உள்ளிட்ட கிழக்காசியாவில் வாழ்பவை. ஐரோப்பாவிலும் அதை ஒட்டிய காகசஸ், காஸ்பியன் பகுதிகளிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இனங்களே உள்ளன. நீண்ட காலம் ஐரோப்பிய மீனும் ரஷ்யாவின் கிழக்குப் பகுதியில் வாழும் ரோடியஸ் செரிசியஸ் என்ற மீனும் ஒரே இனமாகக் கருதப்பட்டன. அதனால் பழைய ஆய்வுகளிலும் சட்ட ஆவணங்களிலும் ஐரோப்பிய மீன் செரிசியஸ் என்ற பெயரிலேயே காணப்படும். இப்போது இரண்டும் தனித்தனி இனங்கள்.

உடல் உயரமானது, இருபுறமும் தட்டையானது; செதில்கள் உடலளவுக்குப் பெரியவை. கெண்டை வகைகளின் விலாவில் தலை முதல் வால் வரை ஓடும் உணர்வுக்கோடு இதில் முதல் சில செதில்களோடு நின்றுவிடுகிறது. உடலின் பின்பாதியில், நடுவிலிருந்து வாலடி வரை, நீலப்பச்சையாக மினுங்கும் கோடு ஒன்று உண்டு. வெள்ளி நிறக் குஞ்சு மீன்களின் கூட்டத்தில் பிட்டர்லிங்கை அடையாளம் காண அந்தக் கோடு போதும். வாய் சிறியது, குடல் நீண்டு சுருண்டது. பாசி, டயாட்டம், அழுகும் தாவரத் துணுக்குகள் ஆகியவையே முக்கிய உணவு; சிறு பூச்சிகளையும் நுண்ணுயிரிகளையும் சேர்த்துக்கொள்ளும். குடல் நீண்டிருப்பது இந்தத் தாவர உணவுக்கு ஏற்றபடி.

பிறந்து ஓராண்டிலேயே பிட்டர்லிங் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. பெரும்பாலான மீன்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்வதில்லை; ஐந்தாண்டு அரிது. வாழ்நாள் இவ்வளவு குறுகியது என்பதால், ஒரு நீர்நிலையில் தொடர்ந்து இரண்டு மூன்று பருவங்கள் இனப்பெருக்கம் தவறினால் அங்கிருக்கும் கூட்டமே அழிந்துபோகக்கூடும்.

பிட்டர்லிங் தேடும் இடம் ஆற்றின் முதன்மை ஓட்டம் அன்று. ஆறு திசை மாறியபோது விட்டுச்சென்ற குருட்டாறுகள், வெள்ளச் சமவெளியின் கிளைவாய்க்கால்கள், ஏரிகளின் ஆழமில்லாத ஓரங்கள், பழைய மீன்வளர்ப்புக் குளங்கள் ஆகியவையே அதற்கு உகந்தவை. நீர் நிற்கவேண்டும், அல்லது மெல்ல நகரவேண்டும், நீர்த்தாவரம் அடர்ந்திருக்கவேண்டும், அடித்தளம் மணலும் மென்சேறும் கலந்ததாக இருக்கவேண்டும். இவற்றில் கடைசி நிபந்தனை மீனின் நிபந்தனையே அன்று, மட்டியின் நிபந்தனை. நன்னீர் மட்டி அடித்தளத்தில் பாதி புதைந்து, பின்முனையை மட்டும் நீருக்குள் நீட்டிக்கொண்டு வாழ்வது. பாறைத் தரையில் அதனால் புதைய முடியாது. பிராணவாயு அற்ற அழுகிய கருஞ்சேற்றிலோ அது மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஆகவே ஒரு நீர்நிலை பிட்டர்லிங்குக்கு ஏற்றதா என்று கேட்பதும், அங்கே மட்டி உயிரோடு இருக்கிறதா என்று கேட்பதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஐரோப்பிய பிட்டர்லிங் பயன்படுத்தும் மட்டிகள் முக்கியமாக நான்கு: யூனியோ பிக்டோரம், யூனியோ டூமிடஸ், அனோடோன்டா அனாட்டினா, அனோடோன்டா சிக்னியா. முதலாவதின் ஓட்டை ஐரோப்பிய ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் கிண்ணமாக வைத்துக்கொண்டதால் அது ஓவியர் மட்டி என்றே பெயர் பெற்றது. நான்கில் கடைசியான சிக்னியா அளவில் பெரியது, 20 சென்டிமீட்டர் வரை வளரும். இடம் அதிகம் என்பதால் மீன் அதைத்தான் தேடிப்போகும் என்று எதிர்பார்க்கலாம். நடப்பது வேறு. சிக்னியா தனக்குள் இடப்பட்ட முட்டைகளை மற்றவற்றைவிட அதிகமாக வெளியே தள்ளிவிடுகிறது. மற்ற மூன்றும் அருகில் கிடைத்தால் பிட்டர்லிங் சிக்னியாவை ஒதுக்கிவிடுகிறது. குஞ்சு பிழைக்கும் வாய்ப்பு எங்கே அதிகமோ அந்த மட்டியை அது பெரும்பாலும் சரியாகவே தேர்ந்துகொள்கிறது.

முட்டையிடும் பருவம் வசந்த காலத்தில், பெரும்பாலும் ஏப்ரல் இறுதியில், நீர் வெதுவெதுப்பாகத் தொடங்கும்போது ஆரம்பித்து ஜூன் வரை நீள்கிறது. சில இடங்களில் அதையும் தாண்டுகிறது. அப்போது ஆணின் தோற்றமே மாறிவிடும். விலா இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் படர்கிறது, கண்ணின் மேற்பகுதி சிவக்கிறது, மூக்கின் மேலும் கண்ணுக்கு மேலும் வெண்பருக்கள் கொத்தாகத் தோன்றுகின்றன. அது ஒரு மட்டியையோ, அருகருகே கிடக்கும் சில மட்டிகளையோ பிடித்துக்கொண்டு சுற்றியுள்ள இடத்தைத் தன் எல்லையாக்கிக் காவல் காக்கிறது. பிற ஆண்கள் நெருங்கினால் துடுப்பை விரித்து மிரட்டும். அதற்கும் அடங்காவிட்டால் தலையால் முட்டும்.

பெண்ணின் மாற்றம் இன்னும் வியப்பானது. அதன் குதத்துடுப்புக்கு முன்னால் ஒரு மெல்லிய குழல் வளர்கிறது. முட்டை முதிரும் நாட்களில் அந்தக் குழல் நீண்டு வால் நுனியையும் தாண்டித் தொங்கும். முட்டையிட்டு முடிந்ததும் சுருங்கிக் குறுகிவிடும். சில நாட்களில் அடுத்த தொகுதி முட்டை முதிர்ந்ததும் மறுபடியும் நீளும். உடலில் ஓடும் இனப்பெருக்கச் சுரப்புகளே இதை இயக்குகின்றன. 1930களில் மருத்துவ உலகம் இந்தக் குழலின் மேல் பெரும் நம்பிக்கை வைத்தது. கர்ப்பிணியின் சிறுநீர் சிறிதளவு கலந்த நீரில் பெண் பிட்டர்லிங்கை விட்டால் குழல் நீள்கிறது என்று கண்டு, அதைக் கர்ப்பப் பரிசோதனையாகப் பயன்படுத்த முயன்றார்கள். கருவுறாதவர்களின் சிறுநீரும், ஆண்களின் சிறுநீரும்கூட அதே விளைவைத் தரலாம் என்பது விரைவிலேயே தெரியவந்தது. சோதனை கைவிடப்பட்டது. ஆயினும் சுரப்புகளுக்கு இந்த மீன் காட்டும் நுட்பமான எதிர்வினையை ஆய்வுலகம் கவனிக்க அது ஒரு காரணமாயிற்று.

முட்டையிடும் செயல் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவது. அதைப் புரிந்துகொள்ள மட்டியின் உடலமைப்பு சற்றுத் தெரிந்திருக்கவேண்டும். மட்டியின் பின்முனையில் இரண்டு துளைகள் உள்ளன. ஒன்றின் வழியாக நீர் உள்ளே போகிறது, செவுள்களில் வடிகட்டப்படுகிறது, மற்றொன்றின் வழியாக வெளியே வருகிறது. மட்டிக்கு உணவும் மூச்சும் இந்த ஓட்டம்தான். ஆண் பிட்டர்லிங் உடலை நடுக்கிக்காட்டிப் பெண்ணைத் தன் மட்டியிடம் அழைத்துவருகிறது. பெண் உடனே முட்டையிடுவதில்லை. தலையைத் தாழ்த்தி, நீர் வெளியேறும் துளைக்கு மேலே மூக்கை நிறுத்திச் சற்று நேரம் அசையாமல் நிற்கிறது. வெளியேறும் நீரில் பிராணவாயு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அது அப்போது உணர்கிறது என்றே ஆய்வுகள் கருதுகின்றன. ஏற்கெனவே குஞ்சுகள் நெருக்கியிருக்கும் மட்டியிலிருந்து வரும் நீரில் பிராணவாயு குறைந்திருக்கும். பல தடவை பெண் பார்த்துவிட்டு விலகிப்போய்விடும். சில தடவை முட்டையிடுவதுபோல் மட்டியின் மேல் உடலை உரசிவிட்டு முட்டையிடாமலே போகும்.

மனம் ஒப்பினால் பெண் சட்டென்று பாய்ந்து, குழலை வெளியேற்றும் துளைக்குள் செலுத்துகிறது. சாதாரண நிலையில் துவண்டு தொங்கும் குழல், உடலிலிருந்து பீறிடும் சிறுநீரின் அழுத்தத்தால் அந்த நொடியில் விறைக்கிறது. அதே அழுத்தம் முட்டைகளைக் குழல் வழியே தள்ளி மட்டியின் செவுளுக்குள் சேர்க்கிறது. ஒரு தடவைக்கு ஒன்று முதல் ஆறு முட்டை வரை, பெரும்பாலும் இரண்டு மூன்று. மட்டி ஓட்டை மூடிக்கொள்வதற்குள் பெண் குழலை இழுத்துக்கொண்டு விலகிவிடுகிறது. ஆண் விந்துவை நீரை உள்ளிழுக்கும் துளையின் மேல் பாய்ச்சுகிறது. மட்டி தன் மூச்சுக்காக இழுக்கும் நீரே விந்துவைச் செவுளுக்குக் கொண்டுபோகிறது, கருவுறுதல் அங்கே நடக்கிறது. மட்டி தன்னையறியாமல் இருவருக்கும் உதவிவிடுகிறது.

விந்து நீரில் விடப்படுவதால் தந்தைமை நிச்சயமில்லை. எல்லை பிடிக்க முடியாத சிறிய ஆண்கள் அருகில் காத்திருந்து, பெண் முட்டையிடும் கணத்தில் உள்ளே பாய்ந்து தங்கள் விந்துவையும் விட்டுவிட்டு ஓடும். காவல்கார ஆண் பெண் வருவதற்கு முன்பே மட்டியின் மேல் விந்துவைப் பாய்ச்சி வைப்பதும் உண்டு. ஆண்களின் கூட்டம் மிகுந்த இடத்தில் காவலே பயனற்றுப்போகிறது. எல்லா ஆண்களும் ஒரே மட்டியைச் சூழ்ந்துகொள்கின்றன. 1961இல் டச்சு ஆய்வாளர் வீப்கெமா இந்த மீனின் ஒவ்வொரு அசைவையும் எண்ணி, எது எதற்குப் பின் வருகிறது என்று கணக்கிட்டு எழுதிய நூலளவு ஆய்வு, விலங்குகளின் நடத்தையை எண்களால் அளக்கும் முறைக்கு முன்னோடிகளில் ஒன்று. பின்னர் கார்ல் ஸ்மித், மார்ட்டின் ரைஹார்ட் முதலானோர் செக் நாட்டின் நீர்நிலைகளிலும் ஆய்வகக் குளங்களிலும் செய்த பணிகள் இந்த மீனைப் பரிணாம ஆய்வின் முக்கிய உயிரியாக்கின.

செவுளுக்குள் சேர்ந்த முட்டை மஞ்சள் நிறம், நீள்வட்ட வடிவம், 2.5 முதல் 3 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவுடைய மீனுக்கு இது மிகப் பெரிய முட்டை. பெரிய கெண்டை ஒன்று லட்சக்கணக்கில் முட்டையிடும். பிட்டர்லிங் ஒரு பருவம் முழுவதிலும் சில நூறைத் தாண்டுவதே அரிது. பாதுகாப்பான இடம் கிடைத்திருப்பதால், எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றிலும் கூடுதல் மஞ்சள் கருவை வைப்பது அதற்குக் கட்டுப்படியாகிறது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு நாட்களுக்குள் முட்டை பொரிந்துவிடும். பொரிந்துவருவது மீனின் சாயலே இல்லாத, கண்ணும் துடுப்பும் உருவாகாத ஒரு கரு. அதன் மஞ்சள்கருப் பை இருபுறமும் இறக்கைபோல் புடைத்திருக்கும். செவுளின் மெல்லிய நீர்க்குழாய்களுக்கு இடையில் அந்தப் புடைப்புகள் ஆப்பாக இறுகி, மட்டி வெளியேற்றும் நீரோடு கரு அடித்துச் செல்லப்படாமல் பிடித்துக்கொள்கின்றன.

முதல் நாட்களே ஆபத்தானவை. மட்டி அவ்வப்போது ஓட்டைச் சட்டென்று இறுக்கி நீரைப் பீய்ச்சித் தன் செவுளைச் சுத்தம் செய்யும். அதில் முட்டைகளும் இளங்கருக்களும் வெளியே தெறித்து விழும். விழுந்தவை பிழைப்பதில்லை. நாள் ஆக ஆக வேறு ஆபத்து வருகிறது. கருக்கள் வளரும்போது பிராணவாயுத் தேவை கூடுகிறது. ஒரே செவுளில் பல குஞ்சுகள் நெருங்கியிருந்தால் மூச்சுக் கிடைக்காமல் பல இறந்துபோகின்றன. பெண் மீன் துளையின் மேல் நின்று அத்தனை கவனமாகப் பரிசோதித்தது இதற்காகவே. மூன்று முதல் ஆறு வாரங்களில், மஞ்சள் கரு தீர்ந்து உடல் சுமார் 11 மில்லிமீட்டரை எட்டும்போது, அதுவரை இருளில் இருந்த குஞ்சு ஒளியை நாடத் தொடங்குகிறது. வெளியேற்றும் துளை வழியாகத் தானே நீந்தி வெளியே வந்து, கரையோரத் தாவரங்களுக்கு இடையில் மற்றக் குஞ்சுகளோடு சேர்ந்துகொள்கிறது.

மட்டிக்கு இதில் என்ன லாபம் என்ற கேள்வி ஆய்வாளர்களை நீண்ட காலம் தவறான விடைக்கு இட்டுச்சென்றது. நன்னீர் மட்டியின் வாழ்விலும் ஒரு மீன் கட்டாயம் தேவை. குளோக்கிடியா எனப்படும் அதன் நுண்ணிய இளவுயிரிகள் ஏதாவது ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு சில வாரங்கள் ஒட்டுண்ணியாக வாழ்ந்த பிறகே குட்டி மட்டியாக மாறித் தரையில் விழும். மட்டி பிட்டர்லிங் குஞ்சைச் சுமக்கிறது, பிட்டர்லிங் மட்டியின் குஞ்சைச் சுமக்கிறது, இருவரும் பரஸ்பரம் உதவிக்கொள்கிறார்கள் என்று பாடநூல்கள் எழுதின. அழகான விளக்கம், ஆனால் கவனமாக எண்ணிப்பார்த்தபோது நிற்கவில்லை. ஐரோப்பிய மட்டிகளின் குளோக்கிடியா பிட்டர்லிங்கின் மேல் மிகக் குறைவாகவே ஒட்டுகின்றன. அதே நீரில் வாழும் பிற மீன்களின் மேல் ஏராளமாகக் காணப்படுகின்றன. நாள் முழுவதும் மட்டிகளை ஒட்டியே வாழும் மீன், அவற்றின் இளவுயிரிகளைத் தவிர்க்கும் திறனை வளர்த்துக்கொண்டிருக்கிறது. மறுபக்கம், குஞ்சுகள் மட்டியின் செவுளில் நீரோட்டத்தை அடைக்கின்றன, பிராணவாயுவுக்குப் போட்டியிடுகின்றன, செவுளின் மெல்லிய திசுவைச் சேதப்படுத்துகின்றன. பிட்டர்லிங் குஞ்சுகளைச் சுமந்த மட்டிகளின் வளர்ச்சி மந்தப்படுவது பரிசோதனையில் உறுதியாகியிருக்கிறது. ஐரோப்பாவில் பிட்டர்லிங் மட்டியின் ஒட்டுண்ணி என்றுதான் சொல்லவேண்டும்.

ஒட்டுண்ணி என்றால், மட்டி ஏன் இன்னும் வலுவாக எதிர்க்கவில்லை? இதற்கான விடை இரண்டும் சேர்ந்து வாழத் தொடங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்பதில் இருக்கிறது. பிட்டர்லிங் வெப்பம் விரும்பும் மீன். பனியூழிக் காலத்தில் அது கருங்கடலைச் சுற்றிய பகுதிகளில் தப்பிப் பிழைத்தது. மரபணு ஆய்வுகளும் ஐரோப்பிய மீன்களின் மூலம் அங்கேதான் என்று காட்டுகின்றன. மத்திய, மேற்கு ஐரோப்பாவுக்கு அது வந்தது பரிணாமக் கணக்கில் மிக அண்மையில். அங்கே அது பெருகியதற்கும் இடைக்காலத்தில் மடாலயங்களும் பிரபுக்களும் கெண்டை வளர்ப்பைப் பரப்பியதற்கும் தொடர்பு உண்டு என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அவர்கள் கருத்துப்படி, கெண்டைக் குஞ்சுகளோடு கலந்து பிட்டர்லிங்கும் குளத்திலிருந்து குளத்துக்குப் போயிருக்கிறது. பின்னர் வந்த குளிர்ந்த நூற்றாண்டுகளில் அதன் எண்ணிக்கை ஒடுங்கியிருக்கிறது. மனிதர் கொண்டுவந்தாலும் தானே வந்தாலும், மத்திய ஐரோப்பிய மட்டிகளுக்கு இந்த மீன் புது விருந்தாளி. ரைஹார்ட் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. பிட்டர்லிங் தொன்றுதொட்டு வாழும் துருக்கிப் பகுதியின் மட்டிகள், மத்திய ஐரோப்பிய மட்டிகளைவிட முட்டைகளை அதிகமாக வெளியே தள்ளின. பழகிய இடத்தில் எதிர்ப்பு உருவாகியிருக்கிறது, புதிய இடத்தில் இன்னும் உருவாகவில்லை.

இதே கதையின் மறுபுறத்தைச் சீன மட்டி காட்டுகிறது. சைனனோடோன்டா வுடியானா என்ற இந்தப் பெரிய மட்டி, 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், வளர்ப்புக்காகக் கிழக்காசியக் கெண்டை மீன்களை ஐரோப்பா இறக்குமதி செய்தபோது, அவற்றின் உடலில் ஒட்டியிருந்த இளவுயிரிகளாக வந்துசேர்ந்தது. பிட்டர்லிங் குடும்பத்தின் தாயகத்திலிருந்து வந்த மட்டி அது. பலவகைப் பிட்டர்லிங்குகளோடு போராடிப் பழகியது. ஐரோப்பிய பிட்டர்லிங் இடும் முட்டைகளை அது வெளியே தள்ளிவிடுகிறது. அதோடு நிற்காமல், அதன் குளோக்கிடியா பிட்டர்லிங்கின் உடலில் நன்றாகவே ஒட்டி வளர்கின்றன. 2012இல் வெளியான ஆய்வு இதை ஒட்டுண்ணி உறவின் தலைகீழ் மாற்றம் என்று விவரித்தது. உள்ளூர் மட்டியைச் சுரண்டி வாழ்ந்த மீன், அயல் மட்டியிடம் தானே சுரண்டப்படுகிறது.

20ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆறுகள் நேராக்கப்பட்டு, குருட்டாறுகள் தூர்க்கப்பட்டு, கால்வாய்கள் இயந்திரத்தால் தூர்வாரப்பட்டபோது மட்டிகள் அழிந்தன, கூடவே பிட்டர்லிங்கும் பல நாடுகளில் அருகிப்போனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிடப் பாதுகாப்புச் சட்டம், சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகள் ஒதுக்கவேண்டிய உயிரினங்களின் பட்டியலில் இந்த மீனைச் சேர்த்தது. ஐரோப்பிய வனவுயிர்களைக் காக்கும் பெர்ன் உடன்படிக்கையின் மூன்றாம் இணைப்பிலும் அது இருக்கிறது. ஆனால் 1980கள் முதலே பல வடிநிலங்களில் பிட்டர்லிங் மறுபடி பெருகியும் பரவியும் வருகிறது. நீர் வெப்பமடைவதும், கழிவு குறைந்து ஆறுகள் தூய்மையடைந்ததும், ஆறுகளை இணைக்கும் கால்வாய்களும், காட்சித்தொட்டி வணிகமும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பிரிட்டனில் இது இயற்கையாக வாழ்ந்ததில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொண்டுவரப்பட்டு இன்று சில கால்வாய்களிலும் ஆறுகளிலும் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் ஆற்றில் வாழும் கூட்டமும் வெளியிலிருந்து அந்நாட்டுக்குள் வந்த மீன்களின் வழிவந்ததே.

இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் பிட்டர்லிங் உடனடி ஆபத்தில்லாத இனம். பாதுகாப்புச் சட்டங்களில் இந்த மீன் இடம்பெற்ற அளவுக்கு, அது முட்டையிடும் மட்டிகள் இடம்பெறவில்லை என்பதுதான் குறை. ஐரோப்பாவின் நன்னீர் மட்டிகள் பரவலாகக் குறைந்துவருகின்றன. மீன் பெருகிய இடங்களில் ஒட்டுண்ணிச் சுமையும் கூடுகிறது. கருங்கடல், காஸ்பியன் பகுதிகளிலிருந்து கப்பல் வழிகளில் பரவிய வரிக்குதிரை மட்டி என்ற சிறிய இனம், உள்ளூர் மட்டிகளின் ஓட்டின் மேல் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு அவற்றின் துளைகளை நெருக்குகிறது. அவ்வாறு மூடப்பட்ட மட்டிகளில் பிட்டர்லிங் முட்டையிடுவது குறைகிறது. கால்வாயைத் தூர்வாரும்போது வெளியே வாரப்படும் சேற்றோடு மட்டிகளும் கரையில் கொட்டப்பட்டுக் காய்ந்து சாகின்றன. அவற்றைப் பொறுக்கி மீண்டும் நீரில் விடுவதும், கால்வாய் முழுவதையும் ஒரே ஆண்டில் தூர்வாராமல் பகுதி பகுதியாகச் செய்வதும், குருட்டாறுகளை மறுபடியும் ஆற்றோடு இணைப்பதும் பிட்டர்லிங் பாதுகாப்பின் முதன்மையான பணிகள். மூன்றிலும் நேராகப் பயன்பெறுவது மட்டி. அதன் வழியாகவே மீனுக்குப் பயன்.